பாக்கெட்ல ஒரு பட்டறை தேவைதானா?

ஆன்லைன் தள்ளுபடி சீசன் வந்தாலே ஹாஸ்டல் மெஸ்ல இந்தப் பேச்சு ஓடும். "மச்சி, மல்டி டூல் ஒண்ணு வாங்கலாமா?" கேட்கிறவர் பெரும்பாலும் மெக்கானிக்கல், இல்லன்னா மெக்கட்ரானிக்ஸ். கையில முதல் ஸ்டைபண்ட் வந்திருக்கும். யூடியூப்ல யாரோ ஒருத்தர் பைன் மரக்காட்டுல உட்கார்ந்து, பாக்கெட்ல இருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்து அதை பிளேயர், கத்தி, ரம்பம், கத்தரிக்கோல்னு பதினெட்டு விதமா விரிச்சுக் காட்டியிருப்பார். அதைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது?

நல்ல பிராண்டட் பிளேயர் மாடல் நம்ம ஊர்ல பத்தாயிரம் ரூபாய்க்கு மேல போகுது. பலருக்கு அது ரெண்டு மூணு மாச மெஸ் பில். அதனால "வாங்கு", "வாங்காதே"ன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போக மனசு வரல. இந்தப் பொருள் எதுக்காகப் பிறந்துச்சு, எங்க உதவும், எங்க காலை வாரும்னு கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். நாலு வருஷம் மெஷின் டிசைன் படிச்சதுக்கு இதையாவது செய்யணும் இல்லீங்களா.

முதல்ல வரலாறு. 1889ல சுவிட்சர்லாந்து ராணுவத்துக்கு ஒரு புது ரைஃபிள் வந்துச்சு. அதைக் கழட்டித் துடைக்கத் திருப்புளி வேணும். (ஸ்க்ரூடிரைவருக்கு எவ்வளவு அழகான தமிழ்ச் சொல் பாருங்க, நாமதான் மறந்துட்டோம்.) அந்தச் சிப்பாய்க்கு டின்ல அடைச்ச சாப்பாட்டைத் திறக்க ஒரு கருவியும் வேணும். ரெண்டுக்கும் தனித்தனியா சுமக்க வேண்டாம்னு கத்தி, துளைக்கிற ஊசி, டின் ஓப்பனர், திருப்புளி நாலும் மடங்கி ஒரே பிடிக்குள்ள போற மாதிரி ஒரு கத்தியை ராணுவம் கேட்டுச்சு. அவ்வளவு எண்ணிக்கையில செய்ய அப்போ சுவிஸ்ல ஆள் இல்லாம, முதல் தொகுதி ஜெர்மனியோட சோலிங்கன் ஊர்ல இருந்து வந்தது. 1884ல பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்சனர், 1891ல தானே செஞ்சு கொடுக்க ஆரம்பிச்சார். 1897 ஜூன் 12ல அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செஞ்சார். இன்னைக்கு நாம விக்டோரினாக்ஸ்னு சொல்ற சிவப்புக் கத்தியோட வம்சம் அதுதான்.

பிளேயர் வச்ச மாடல் அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு வருது. 1975ல டிம் லெதர்மேன்னு ஒரு அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர், மனைவியோட ஒரு பழைய ஃபியட் கார்ல ஐரோப்பா சுத்தினார். கார் அடிக்கடி மக்கர் பண்ணுது, தங்கின மலிவு ஹோட்டல்கள்ல குழாய் ஒழுகுது. கையில இருந்தது ஒரு சாரணர் கத்தி மட்டும். இதுல ஒரு பிளேயரும் இருந்தா எப்படி இருக்கும்னு தோணின யோசனை, காப்புரிமை வாங்க 1980 வரைக்கும், விற்பனைக்கு வர 1983 வரைக்கும் இழுத்தது. ஒரு பொருளை டிசைன் பண்ணி சந்தைக்குக் கொண்டு வர எட்டு வருஷம். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை மூணு மாசத்துல முடிக்கச் சொல்றாங்க.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்னு நினைக்காதீங்க. ஓலைச்சுவடி காலத்துல நம்மகிட்டயே ஒண்ணு இருந்தது, பேரு மடக்கெழுத்தாணி. பிடியோட ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் சின்னக் கத்தி, ரெண்டும் மடங்கி உள்ள போயிடும். ஓலையோட ஓரத்தை நறுக்கக் கத்தி, எழுத எழுத்தாணி. ஊர் ஊராப் போய்க் கணக்கு எழுதுறவருக்கு இதைவிட வேற என்ன வேணும்?

எங்க அம்மிச்சி வீடு காங்கேயம் பக்கம். அங்க மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடுன்னு சொல்லுவாங்க. கிளுவை முள்ளுல வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவே வெள்வேல மரம். கால்ல முள்ளு ஏறாம அங்க ஒரு நாள்கூட ஓடாது. அந்தத் தலைமுறை ஆம்பளைங்க அரைஞாண் கயித்துல ஒரு வளையம் கட்டியிருப்பாங்க. அதுல முள்வாங்கி, காதுக் குறும்பி எடுக்கிற குட்டிக் கரண்டி, பல்லு குத்துற ஊசி மூணும் தொங்கும். எங்க அப்பிச்சியோடதை நான் சின்ன வயசுல விளையாட எடுத்து அடி வாங்கியிருக்கேன். விக்டோரினாக்ஸ் பிடிக்குள்ள ஒரு பக்கம் முள்வாங்கியும் இன்னொரு பக்கம் பல்குத்தியும் சொருகி இருக்கும், பார்த்திருப்பீங்க. சுவிஸ் மலையிலும் காங்கேயம் காட்டிலும் மனுஷனுக்கு ஒரே தொந்தரவு.

இந்த நாலு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சிப்பாய், ஃபியட் ஓட்டினவர், சுவடி எழுதினவர், ஆடு மேய்ச்சவர். நாலு பேருமே தங்களோட கருவிப் பெட்டியில இருந்து ரொம்ப தூரத்துல இருந்தவங்க. திரும்பிப் போய் எடுத்துட்டு வர முடியாது. முள்ளு ஏறின காலோட மூணு மைல் நடக்க முடியாது. மல்டி டூலோட மதிப்பு இந்தத் தூரத்துல இருந்துதான் வருதுன்னு நான் நினைக்கிறேன். ஃபார்முலா வேணும்னா இப்படி வச்சுக்கலாம்: எத்தனை தடவை தேவைப்படுது, பெருக்கல், சரியான டூலை எடுத்துட்டு வர ஆகுற நேரம், பெருக்கல், அந்த நேரத்துல வேலை நடக்கலன்னா ஆகுற நஷ்டம். மூணுல ஒண்ணு பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தாலும் மொத்தமும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்துடும்.

இப்போ இதை கோயமுத்தூர்ல போட்டுப் பாருங்க. பம்ப், மோட்டார், கிரைண்டர் செய்யுற ஊரு இது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே நம்ம ஊர் பேர்லதான் இருக்கு. பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதின்னு எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு லேத்துப் பட்டறை, ஒரு வைண்டிங் கடை, ஒரு ஹார்டுவேர் கடை கண்ணுல படும். "அண்ணா, ஒரு நிமிஷம் அந்த ஸ்பேனர் குடுங்க"ன்னா குடுத்துடுவாங்க. என்ன, எதுக்குன்னு கேட்டு, "தள்ளு தம்பி"ன்னு அவங்களே முடிச்சுக் குடுத்துட்டு ரெண்டு திட்டும் சேர்த்துக் குடுப்பாங்க. ஆக நகரத்துக்குள்ள நம்ம ஃபார்முலாவோட நடு எண் ரொம்பச் சின்னது. அதே ஆள் வால்பாறை கொண்டை ஊசி வளைவுல நின்னாலோ, ஆனைகட்டிக்கு மேல ட்ரெக்கிங் போனாலோ, பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்கு நடுவுல ட்ரிப் குழாய் போட்டுட்டு இருந்தாலோ கணக்கு மாறிடும்.

கலங்கல்ல 1893ல பிறந்த ஜி.டி.நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஹோட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து, அதே மாதிரி வண்டியை வாங்கி, ஓட்டுறதுக்கு முன்னாடி அக்கக்காகக் கழட்டி மாட்டினார்னு எல்லாரும் கேட்டிருப்போம். அவினாசி ரோட்டுல அவர் மியூசியத்துக்கு முன்னாடி பஸ்ல போறப்பெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். கழட்டிப் பார்க்கணும்ங்கிற அரிப்பு முதல்ல வந்தது, கருவி அப்புறம்தான் வந்தது. நம்மில் பல பேர் அதைத் தலைகீழா செய்யுறோம்.

சரி, டூலுக்கு வருவோம். பிளேயர் மாடல் மல்டி டூல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சில விஷயங்கள் அதோட கையில இல்ல, இயற்பியல் கையில இருக்கு. என் ரூம்ல ஒரு 8 அங்குல கட்டிங் பிளேயர் இருக்கு. (வாயில அது "கட்டிங் பிளேடு" ஆகிடுச்சு, அது வேற கதை.) ஸ்கேல் வச்சு அளந்தா, நடு ரிவெட்ல இருந்து என் உள்ளங்கை அழுத்துற இடம் 120 மில்லிமீட்டர், கம்பி வெட்டுற இடம் 15 மில்லிமீட்டர். அதாவது எட்டு மடங்கு விசை. ரூம்மேட்டோட மல்டி டூல்ல அதே அளவுகள் 72, 12. ஆறு மடங்கு. இது மோசமில்ல, ஆனா அந்த ஆறு மடங்கைக் கொடுக்க முழு பலத்தையும் போட்டு அழுத்துறப்போ உள்ளங்கையில படுறது ரப்பர் பிடி இல்ல, மடிச்ச தகட்டோட ஓரம். பரப்பு குறைஞ்சா அழுத்தம் கூடும், ஒன்பதாம் வகுப்புப் பாடம். ஒரு ஜி.ஐ. கம்பியை வெட்டிப் பாருங்க, கை சிவந்துடும்.

திருப்புளி விஷயத்துல இன்னும் கஷ்டம். சாதாரண ஸ்க்ரூடிரைவர்ல ஸ்க்ரூவோட அச்சும் பிடியோட அச்சும் ஒரே கோட்டுல இருக்கும். மல்டி டூல்ல அது பிடியோட ஒரு ஓரத்துல இருந்து முளைக்குது. நீங்க திருப்பத் திருப்ப முழு பிடியும் அச்சைச் சுத்தி ராட்டினம் ஆடும். ஸ்டார் ஸ்க்ரூவுல முனை மேல அழுத்தம் நேரா விழலன்னா, அது வழுக்கி வெளிய ஏறி, தலையோட பள்ளத்தைத் தேய்ச்சு உருண்டையாக்கிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூவைக் கழட்ட டிரில் வேணும். இன்னொண்ணு நீளம். மிக்ஸியைக் கவுத்துப் பாருங்க, ஸ்க்ரூ எல்லாம் ஆழமான குழிக்குள்ள இருக்கும். பல பிளக், அடாப்டர், பொம்மை எல்லாமே அப்படித்தான். மல்டி டூலோட கட்டைத் திருப்புளி அங்க எட்டவே எட்டாது. ட்ரோன் கிளப் நண்பர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: உங்க ஃப்ரேம்ல இருக்கிற எம்3 சாக்கெட் ஹெட் போல்ட்டுக்கு 2.5 மில்லிமீட்டர் அலன் கீ வேணும். விரிச்சா மயில் மாதிரி இருக்கிற பல மல்டி டூல்ல அது மட்டும் இருக்காது.

அடுத்தது கரன்ட். இந்தக் கட்டுரை எழுதணும்னு தோணினதே இதுக்காகத்தான், அதனால கொஞ்சம் மெதுவாப் படிங்க.

ஹாஸ்டல்ல சுவிட்ச்போர்டு லூஸா இருக்கு, சார்ஜர் பிளக் நிக்க மாட்டேங்குது. பாக்கெட்ல மல்டி டூல் இருக்கு. கை தானா அதை எடுக்கும். எடுக்கக் கூடாது. அதோட முனையில இருந்து பிடி வரைக்கும் எல்லாமே ஒரே ஸ்டீல், நடுவுல இன்சுலேஷன்னு ஒண்ணு கிடையாது. எலக்ட்ரீஷியன் வச்சிருக்கிற டெஸ்டரோட ஒப்பிட்டுப் பாருங்க. டெஸ்டருக்குள்ள ஒரு நியான் விளக்கும், அதோட தொடர்ல ஏறக்குறைய 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் இருக்கு. நம்ம லைன் 230 வோல்ட். 230ஐ பத்து லட்சத்தால வகுத்தா 0.23 மில்லி ஆம்பியர். அதிகபட்சமே அவ்வளவுதான் உங்க விரல் வழியா போகும், தெரியக்கூட தெரியாது, ஆனா நியான் எரியும். இப்போ டெஸ்டருக்குப் பதிலா மல்டி டூல் முனை லைவ்ல பட்டதுன்னு வைங்க. நடுவுல ரெசிஸ்டர் இல்ல, உங்க உடம்புதான் ரெசிஸ்டர். ஈரக் கையும் வெறுங்காலுமா இருந்தா அது 1000 ஓம் அளவுக்குக்கூட இறங்கலாம். 230ஐ ஆயிரத்தால வகுத்தா 230 மில்லி ஆம்பியர். ஆயிரம் மடங்கு. ஆளைக் காப்பாத்த வைக்கிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர்லயே ட்ரிப் ஆகுற மாதிரி செஞ்சிருக்காங்கன்னா, 230னா என்னன்னு நீங்களே யோசிங்க.

கருப்புப் பிளாஸ்டிக் பூசின மல்டி டூல் வாங்கினா சரியாயிடுமான்னு ஒரு ஜூனியர் கேட்டார். ஆகாது. கறுப்பு நிறம் பெரும்பாலும் அழகுக்கும் துருவுக்கும் போடுற மெல்லிய பூச்சு. மின்சார வேலைக்குன்னு சோதிச்ச கருவியில 1000 வோல்ட்னு ரெண்டு முக்கோணக் குறியோட அச்சடிச்சிருப்பாங்க. அது இல்லாத எதையும் இன்சுலேட்டட்னு நம்பாதீங்க. சிவப்பு, மஞ்சள் ரப்பர் உறை போட்ட மலிவு பிளேயரும் அப்படித்தான்.

வீட்டுல தோட்டம் இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். கெணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில மூணு ஃபேஸ் வருது. ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 415 வோல்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு கரன்ட் வந்து, பீஸ் போயிருக்குன்னு அப்பா டார்ச்சோட மோட்டார் ரூமுக்குப் போறப்போ, "இருங்கப்பா, என்கிட்ட மல்டி டூல் இருக்கு"ன்னு ஹீரோ ஆகாதீங்க. மெயினை இறக்கிட்டு, மூணு ஃபேஸையும் டெஸ்டர்ல ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்துட்டு, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குறதுதான் முறை. டெஸ்டரையும் முழுசா நம்பக் கூடாது. நல்ல வெயில்ல நியான் எரியிறது கண்ணுக்குத் தெரியாது, பழைய டெஸ்டர்ல விளக்கே செத்திருக்கும். வேலை செய்யுதான்னு லைவ் இருக்கிற ஒரு பாயின்ட்ல முதல்ல ஒரு தடவை வச்சுப் பார்த்துட்டு அப்புறம் நம்புங்க. எங்க ஊர்ல வயசான எலக்ட்ரீஷியன்கள் இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்யுறாங்க. அவங்க சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். கொங்கு நாட்டோட உண்மையான பாக்கெட் டூல் அதுதான். விலை நூறு ரூபாய்க்குள்ள.

பைக் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க வண்டி சீட்டுக்குக் கீழயோ சைடு பேனலுக்கு உள்ளயோ ஒரு ரெக்ஸின் பை இருக்கு, எப்பயாவது பிரிச்சிருக்கீங்களா? பெரும்பாலான கம்யூட்டர் பைக்ல கம்பெனியே கொடுத்த ரெண்டு முனை ஸ்பேனர், ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், முனை மாத்திப் போடுற ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அதுல இருக்கும். செயின் லூஸாச்சுன்னா பின் வீல் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தணும். அதுக்கு மல்டி டூலோட பிளேயரை மாட்டினா நட்டோட ஆறு முனையும் மழுங்கும், ஆனா நட்டு அசையாது. பிளேயர்ங்கிறது பிடிக்க, நட்டைக் கழட்ட இல்லன்னு ஒர்க்‌ஷாப் லேப்ல முதல் வாரமே சொல்லுவாங்க. யாரும் கேட்கிறதில்ல.

இவ்வளவு சொன்னதும் நான் மல்டி டூலுக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. அது ஜெயிக்கிற இடங்களும் நிறைய இருக்கு. கல்ச்சுரல்ஸ் ராத்திரி மேடைக்குப் பின்னாடி நின்னவங்களுக்குத் தெரியும்: ஜிப் டை வெட்டணும், ஃபிளெக்ஸ் கட்டின கம்பியை முறுக்கணும், ஆணி பிடுங்கணும், டேப் அறுக்கணும், எல்லாமே ஏணி மேல நின்னுட்டு. அங்க டூல்பாக்ஸ் இருபது அடி கீழ இருந்தாலும் அது தூரம்தான். பாஹா வண்டி டெஸ்டிங் போற டீம், பறவை பார்க்கப் போறவங்க, சைட்ல சுத்துற சிவில் நண்பர்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போனா தோட்ட வேலை பார்க்கிறவங்க எல்லாருக்கும் இது காசுக்குத் தகுந்த பொருள். பேக்ல ஒரு கால் கிலோ கூடுறது அவங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. லெதர்மேன் வேவ் மாடல் 241 கிராம், ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணி. பேன்ட் பாக்கெட்ல போட்டா பேன்ட் இறங்கும், அதையும் சொல்லிடணும்.

நம்மளை மாதிரி கிளாஸ், லேப், ஹாஸ்டல், டீக்கடைன்னு சுத்துறவங்களுக்கு உண்மையில தினமும் தேவைப்படுறது என்ன? பார்சல் பிரிக்கணும், நூல் அறுக்கணும், மாம்பழம் நறுக்கணும், நகம் உடைஞ்சா சரி பண்ணணும், மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூவை இறுக்கணும். திருப்பூர்ல செக்கிங் செக்‌ஷன்ல வேலை செய்யுற அக்காக்கள் கையைப் பாருங்க. பிசிறு நூல் வெட்ட விரல் நீளத்துல ஒரு ட்ரிம்மர், அவ்வளவுதான். ஆனா நாள் முழுக்க அது ஓயாது. ஒரே வேலை, அதுக்கு ஒரே டூல், அது கச்சிதமா இருக்கு. நமக்கு அந்த அளவுக்குப் போதும்னா 58 மில்லிமீட்டர் நீளத்துல சாவிக்கொத்துல தொங்குற விக்டோரினாக்ஸ் கிளாசிக் போதும். 21 கிராம்தான் எடை. கத்தி, கத்தரிக்கோல், நகம் தேய்க்கிற அரம், அப்புறம் நம்ம முள்வாங்கி. அதுக்குக்கூட மனசில்லன்னா ஒரு பேப்பர் கட்டர்.

என்கிட்ட கேட்டா, ஹாஸ்டல் அறைக்கு ஒரு நல்ல கட்டிங் பிளேயர், ரெண்டு அளவுல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு டெஸ்டர், ஒரு அலன் கீ செட். தபாரியா மாதிரி நம்ம நாட்டு பிராண்டே போதும். நாலையும் சேர்த்தா ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிஞ்சிடும், நாலு பேர் பகிர்ந்துக்கலாம். மிச்சக் காசுக்கு ஊர் போய் வாங்க.

முன்னூறு, நானூறு ரூபாய்க்கு வர்ற பேர் தெரியாத மல்டி டூல் பத்தியும் நிறைய பேர் கேட்கிறாங்க. வாங்குறதா இருந்தா நேர்ல பார்த்து வாங்குங்க. பிளேயர் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா, பல் சேருற இடத்துல கீத்து மாதிரி வெளிச்சம் வரக் கூடாது. ரெண்டு கைப்பிடியையும் பக்கவாட்டுல ஆட்டினா ரிவெட் ஆடக் கூடாது. கத்தியை விரிச்சு முதுகுப் பக்கத்தை மெதுவா அழுத்திப் பாருங்க, லாக் இருக்கான்னு தெரியும். லாக் இல்லாத கத்தியில குத்துற வேலை செஞ்சா அது மடங்கி உங்க விரல் மேலயே வந்து உட்காரும். நல்ல கத்திகள்ல ஸ்டீல் ராக்வெல் சி அளவுல 55ல இருந்து 58 வரைக்கும் இருக்கும். மலிவானதுல எவ்வளவுன்னு அட்டையில போட்டிருக்கிறதை நம்ப வேண்டாம். வாங்கின பிறகு ஒரு பழைய அரத்தை ஓரத்துல லேசா உரசிப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா நல்லா ஹார்டன் பண்ணியிருக்காங்க. வெண்ணெய் மாதிரி கடிச்சா அது கத்தி இல்ல, தகடு. இந்தச் சோதனையைக் கடையிலயே வச்சு செய்யாதீங்க, கடைக்காரர் உங்களை ஹார்டன் பண்ணிடுவார்.

சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கணும். நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டமும் அதுக்குக் கீழ வந்த 2016 விதிகளும் இருக்கு. அதுல ஆயுதமா பட்டியல் போட்டிருக்கிற கத்தி, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள பிளேடு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும்னு செஞ்சதுக்கு விலக்கும் இருக்கு. மல்டி டூல் பிளேடு மூணு அங்குலத்தைச் சுத்தித்தான் இருக்கும், அந்தப் பட்டியலுக்குள்ள வராது. ஆனா சட்டம் ஒண்ணு, வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி இன்னொண்ணு. மால், தியேட்டர், எக்ஸாம் ஹால், இன்டர்வியூக்குப் போற கம்பெனி கேட், எங்கயும் பிளேடைப் பார்த்தா வாங்கி வச்சிடுவாங்க. பல ஹாஸ்டல்ல கத்தின்னாலே விதிமீறல். அதைவிட முக்கியம், ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவுல கிரவுண்ட்ல தள்ளுமுள்ளு ஆகுது, நீங்க விலக்கப் போனவர்தான், ஆனா உங்க பாக்கெட்ல கத்தி இருக்குன்னா அப்புறம் கதையே வேற. விசாரிக்கிறவங்களுக்கு அது பழம் நறுக்குற கத்தியாத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, தினமும் கூட வச்சுக்கணும்னு ஆசைப்படுற காலேஜ் பசங்க பிளேடே இல்லாத மாடலைப் பார்க்கலாம்னு சொல்லுவேன். அதுவும் கிடைக்குது.

பீளமேடு ஏர்போர்ட்லயும் கதை அதேதான். கேபின் பேக்ல வைக்காதீங்க, செக்-இன் பேக்ல போடுங்க. எம்.எஸ். படிக்க ஜெர்மனி கிளம்புற சீனியர்களுக்கு ஒரு தகவல்: அங்க ஒரே கையில திறந்து லாக் ஆகுற கத்தியைத் தகுந்த காரணம் இல்லாம வெளிய எடுத்துட்டுப் போறது 2008ல இருந்தே குத்தம், இப்போ இன்னும் கெடுபிடி. பிரிட்டன்ல லாக் இல்லாம மடங்குற, மூணு அங்குலத்துக்கு மேற்படாத கத்திக்குத்தான் காரணம் கேட்க மாட்டாங்க. லாக் இருக்கிற மல்டி டூல் அந்தச் சலுகையில வராது. பெரிய மாடல்கள்ல பெரும்பாலும் லாக் இருக்கும், அதனால பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி விரிச்சுப் பார்த்துக்கோங்க.

ஏற்கெனவே வச்சிருக்கிறவங்க அதைக் கொஞ்சம் கவனிங்க. பாக்கெட்ல சேருற பஞ்சும் வேர்வை உப்பும்தான் அதோட எதிரி. ஸ்டெயின்லெஸ்னு பேரு இருந்தாலும் கீல் உள்ள லேசா துரு பிடிக்கும். மாசம் ஒரு தடவை வெந்நீர்ல கழுவி, நல்லாக் காய வச்சு, கீல்ல ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டாப் போதும். கூர் மழுங்கினா சாணைக் கல்லுல தண்ணி விட்டுக் கையாலேயே தேய்ங்க. கிரைண்டிங் வீல்ல கொடுத்தீங்கன்னா தீப்பொறி பறக்கிற அழகைப் பார்த்துட்டு இருக்கிறப்பவே விளிம்பு சூடேறி டெம்பர் போயிடும். நம்ம ஊர் அரிவாள் மாதிரி கார்பன் ஸ்டீல்ல அது நல்லாவே தெரியும், விளிம்பு நீலமா மாறும். அந்த நீலம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ்ல வர்றது. அவசரக்காரன் சாணை பிடிச்ச அரிவாளைக் கொல்லுப்பட்டறைக்காரர் பார்த்தவுடனே கண்டுபிடிச்சிடுவார், விலையும் கூடச் சொல்லுவார்.